கையெடாமை: பிறை – ஜார்ஜ் டவுன் தொலைமேசைத் தொடர்பில் அம்பின் உடைமை குறித்து ஓர் ஆய்வு

“மாமா, மவுஸ்லேர்ந்து கைய எடுங்க.”

“எடுத்துட்டேன் தம்பி.”

இவ்விரு வாக்கியங்களே இவ்வாய்வின் மூலபாடம். ஜார்ஜ் டவுனில் இருக்கும் என் வீட்டுக்கும் கடலுக்கு அக்கரையில் பிறையில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்கும் இடையே, தொலைபேசி வழியாக, இது பல ஆண்டுகளாக ஓதப்பட்டு வருகிறது. பாடபேதம் அதிகமில்லை. சில நாள் இரண்டாம் வாக்கியத்தின் ஈற்றில் ‘லா’ சேரும்; மாமா எரிச்சலில் இருந்தால் ‘தம்பி’ உதிரும். உரையாசிரியன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இவ்வளவே: முதல் வாக்கியம் வேண்டுகோள், இரண்டாவது பொய். அந்நேரத்தில் மாமாவின் வலக்கை மவுஸின் மேல்தான் இருக்கும். திரையில் அம்பு நடுங்குவதே சான்று.

ஆய்வுப்பொருளை வரையறுத்துவிடுகிறேன். ஓரிடத்துக் கணினியின் திரையை வேறிடத்துக் கணினியில் காட்டி, இங்கே அசைக்கும் மவுஸை அங்கே அசைந்ததாகக் கொள்ளும் ஏற்பாடு தொலைமேசை எனப்படும். ஊர் வழக்கில் ரிமோட் டெஸ்க்டாப். மாமாவின் வழக்கில் வெறும் ‘ரிமோட்டு’. இச்சுருக்கத்தால், “ரிமோட்டுக்கு ரெடியா மாமா?” என்று கேட்டபோது அவர் தொலைக்காட்சியின் ரிமோட்டைச் சோபா இடுக்கில் தேடி எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கணினிக்கு முன் உட்கார்ந்த நாளும் உண்டு. மாமா ஒரு சிறிய கோயிலின் திருப்பணிக் குழுவுக்குப் பொருளாளர். நன்கொடைக் கணக்கு முழுவதும் அவர் வீட்டுக் கணினியில் எக்செல் தாளில் இருக்கிறது. அச்செடுத்தால் வலப்பக்கத்துக் கடைசிப் பத்தி, அதாவது பணம் எவ்வளவு என்ற பத்தி, வெட்டுப்பட்டுவிடும். யார் கொடுத்தார் என்று தெரியும், எவ்வளவு என்று தெரியாது. திருப்பணிக் குழுக்களில் இது சிறிய விஷயமன்று.

வினா இதுதான். திரையில் அம்பு ஒன்று. அதைப் பிடிக்கும் கைகள் இரண்டு. அம்பு யாருடையது? ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்று பழமொழியைச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பழமொழி எய்தவன் ஒருவன் என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே இருவர், இடையில் கடல்.

தொலைமேசை என்பது கூடு விட்டுக் கூடு பாய்தலே என்ற கருத்து நண்பர்களிடையே வலுவாக இருக்கிறது. அதை முதலில் மறுத்தாக வேண்டும். திருமூலர் வரலாறு தெரிந்ததே: மூலன் என்ற இடையன் மாண்டு கிடக்க, மாடுகள் கண்ணீர் விடுவதைப் பொறுக்காத சிவயோகியார் அவன் உடலில் புகுந்து மாடுகளைச் சாத்தனூரில் வீடு சேர்த்தார். திரும்பி வந்து பார்த்தால், விட்டுச் சென்ற தம் உடலைக் காணவில்லை. இணைப்பு அறுந்துபோதல் பற்றிய நம் மரபின் மிகத் தெளிவான பதிவு இது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடிப்படையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. மூலனின் உடல் காலியாக இருந்தது. அவன் எழுந்து “தம்பி, அந்தப் பக்கம் போகாதே, அங்க என் ஃபோட்டோல்லாம் இருக்கு” என்று சொன்னதாகச் சேக்கிழார் பதிவு செய்யவில்லை. என் மாமா உயிரோடு இருக்கிறார், விழித்தும் இருக்கிறார். கூடு காலியாக இல்லாதபோது பாய்ச்சல் என்ற சொல் பொருந்தாது. இது குடியிருப்பவர் இருக்கும்போதே அதே அறைக்குள் வாடகைக்குப் போவது.

வாடகை என்ற சொல் வந்துவிட்டதால் பினாங்கின் வரலாற்றுக்குள் நுழைவது எளிதாகிறது. இத்தீவுக்குத் தொலைமேசை புதிதன்று. 1786 ஆகஸ்டு 11 அன்று பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றியபோது முனை முழுவதும் காடு. வெட்டுவதற்கு ஆள் முன்வரவில்லை. பீரங்கியில் வெள்ளிக் காசுகளைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடிப் போனவர்கள் காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள் என்பது ஊர்க்கதை. கதை மெய்யோ பொய்யோ, தொலைமேசையின் இலக்கணம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. ஒருவர் நின்ற இடத்தில் நிற்கிறார், குறி பார்க்கிறார், வேலை வேறிடத்தில் நடக்கிறது. சுடுவதும் சுட்டுவதும் ஒரே வேரோ என்று ஐயுறத் தோன்றுகிறது. மொழிநூலார் மன்னிப்பார்களாக.

அனுமதி கேட்கும் பெட்டியும் அப்போதே இருந்தது. சயாமிடமிருந்து பாதுகாப்பு கிடைக்கும் என்ற நிபந்தனையோடுதான் கெடா சுல்தான் தீவில் இடம் கொடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி இடத்தை எடுத்துக்கொண்டது, நிபந்தனையை எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைய கணினிகளில் நிபந்தனைகளைப் படிக்காமல் ‘ஒப்புகிறேன்’ என்பவர் அனுமதி கொடுப்பவர்; அன்று படிக்காதவர் அனுமதி வாங்கியவர். 1791-ல் சுல்தான் படை திரட்டித் தீவை மீட்கப் பார்த்துத் தோற்றார். பிறகு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை ஆயிற்று. அதன் பின்னும் இந்தத் தீவை இயக்கிய கை இந்தத் தீவில் இருந்ததில்லை. கல்கத்தாவிலிருந்து கடிதம் வரும். கப்பல் காற்றைப் பொறுத்து வரும். இடையில் 1805-ல் பினாங்கைத் தனி மாகாணமாக உயர்த்தினார்கள், 1830-ல் செலவு தாங்காமல் இறக்கினார்கள். 1867-ல் மலாக்கா, சிங்கப்பூரோடு சேர்த்து லண்டனின் காலனி அலுவலகத்திடம் ஒப்படைத்தார்கள். கணினி மொழியில் சொன்னால், அட்மின் பாஸ்வேர்டு கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குப் போயிற்று. இங்கிருந்தவர்கள் எல்லாரும் விருந்தாளிக் கணக்கில்தான்.

தாமதம் குறைந்தது 1870–71-ல். அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் இந்தியன் எக்ஸ்டென்ஷன் தந்திக் கம்பெனி சென்னையிலிருந்து பினாங்குக்கு வங்கக் கடலடியில் கம்பி இறக்கி, இங்கிருந்து சிங்கப்பூருக்கு நீட்டியது. உப்புநீர் புகாமல் அக்காலக் கடலடிக் கம்பிகளைக் காத்த உறை கெத்தா பெர்ச்சா என்ற மரப்பால். மலாய்க் காடுகளில் மரத்தை வெட்டிச் சாய்த்து எடுத்தது. ஆக, உலகத்தைப் பேசவைத்த கம்பியின் தோல் இந்த வட்டாரத்துத் தோல். இன்று வங்கக் கடலின் கீழே பே ஆஃப் பெங்கால் கேட்வே என்ற கண்ணாடியிழைக் கம்பி சென்னையையும் பினாங்கையும் மறுபடி ஒரே தடத்தில் வைத்திருக்கிறது. இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் பினாங்குக்கும் நேர்தூரம் ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். கணக்குப்படி போக 12 மில்லி நொடி போதும். என் மாமா பிறையில் இருக்கிறார். பத்துக் கிலோமீட்டருக்குள். ஒரு நொடியை இருபதாயிரமாக நறுக்கினால் வரும் ஒரு துண்டு நேரம். இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவியின் பிறப்பு வரலாறு காப்பியில் தொடங்குகிறது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்தில், 1991-ல், மாடி இறங்கிப் போய்ப் பார்த்தால் காப்பிக் குடுவை காலியாக இருக்கிறது என்று சலித்துப்போன ஆய்வாளர்கள் குடுவைக்கு முன் ஒரு கேமராவை வைத்து, படத்தைத் தங்கள் திரைக்கு வரவழைத்தார்கள். 1993-ல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது; உலகத்தின் முதல் வெப்கேமரா என்ற பெயரும் வந்தது. 2001-ல் கேமராவை அணைத்தபோது, பழுதாகிப்போன ஒரு குடுவையை ஜெர்மனியின் ஷ்பீகல் ஆன்லைன் 3,350 பவுண்டுக்கு ஏலம் எடுத்தது. அந்தக் குடுவையை எட்டிப் பார்த்தவர்களில் ஒருவரான குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசர், பின்னர் அதே ஊரில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் விஎன்சி என்ற தொலைமேசையை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். 1998-ல் அதை மூலநிரலோடு இலவசமாக வெளியிட்டார்கள். தூரத்துப் பொருளைப் பார்த்த கண்ணுக்கு அடுத்து அதைத் தொட ஆசை வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. பினாங்கில் இப்படி ஒன்று பிறந்திருக்க வழியில்லை. இங்கே கோப்பிக் கடை எல்லா மூலையிலும் இருக்கிறது. காலியான குடுவையை ஒருவரும் கண்டதில்லை.

அதே 1998-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி 4.0-இன் டெர்மினல் சர்வர் பதிப்பில் தன் சொந்த முறையை வைத்தது. 2001-ல் எக்ஸ்பியோடு அது சாதாரண மேசைக்கு வந்தது. இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு பொறியாளர்களுக்குச் சிறியது, குடும்பங்களுக்குப் பெரியது. விஎன்சி வகையில் அங்கிருப்பவரும் இங்கிருப்பவரும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். ஒரே அம்பு, இருவர் கை. மைக்ரோசாஃப்ட் முறையில், வீட்டு மேசைக் கணினிகளைப் பொறுத்தவரை, நீங்கள் உள்ளே நுழைந்ததும் அங்கே திரை பூட்டிக்கொள்ளும்; வீட்டுக்காரர் வெளியே நிற்பார். முன்னதை அகம் என்றும் பின்னதைப் புறம் என்றும் வகுக்கலாம். ஐந்திணைக்கும் நீட்டலாமே என்ற ஆசையும் வந்தது. அடக்கிக்கொண்டேன். இடையில் கடல் இருப்பதால் நெய்தல் என்று மட்டும் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

புற வகை என் சிக்கலை ஒரே அடியில் தீர்த்திருக்கும். மாமாவின் கை மவுஸில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் மாமாவின் கணினியில் இருப்பது விண்டோஸின் ஹோம் பதிப்பு. அதிலிருந்து பிறர் கணினிக்குப் போகலாம். பிறர் அந்த முறையில் அதற்குள் வர முடியாது. பெயருக்கு ஏற்ற குணம்: வீட்டுக்காரர் ஊர் சுற்றலாம், வீட்டுக்குள் ஆளை விடமாட்டார். புற வகைக்கு 3389 என்ற எண்ணுள்ள வாசல் திறந்திருக்க வேண்டும் என்று நான் தொலைபேசியில் முணுமுணுத்தது மட்டும் மாமாவின் காதில் விழுந்திருக்கிறது. அன்று மாலையே 3389-ஐ நாலு நம்பர் லாட்டரிக் கடையில் எழுதிவிட்டார். விழவில்லை. இரண்டு வெள்ளி நட்டம் என்று இன்றும் என் கணக்கில் வைத்திருக்கிறார்.

எனவே அக வகைக்கே வந்தோம். இன்று வீடுகளில் ஓடும் அக வகைச் செயலிகள் பெரும்பாலும் நடுவர் ஒருவர் மூலம் இயங்குபவை. இதை விளக்கப் பினாங்குவாசிக்கு வேறு உவமை தேவையில்லை. பழைய பெர்ரியில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வரும்போதுதான் கட்டணம். தீவிலிருந்து திரும்பும்போது ஒன்றும் கேட்கமாட்டார்கள். 1985-ல் திறந்த பினாங்குப் பாலத்திலும் டோல் தீவுக்கு வருபவரிடம்தான். வீட்டு இணையப் பெட்டியும் இதே குணம் கொண்டது. வெளியே போகிறவரைக் கேள்வி கேட்காது. வெளியிலிருந்து வருகிறவரை யார் எவர் என்று நிறுத்தும். ஆகவே மாமாவின் கணினியும் என் கணினியும் தத்தம் வீட்டிலிருந்து இலவசமாக வெளியே புறப்பட்டு, எங்கோ இருக்கும் நடுவரின் சர்வரில் போய்ச் சந்தித்துக்கொள்கின்றன. நடுவர் சிங்கப்பூரில் இருந்தால் பிறையிலிருந்து என் வீட்டுக்கு வர அம்பு 600 கிலோமீட்டர் தெற்கே போய் 600 கிலோமீட்டர் திரும்ப வேண்டும். ஆனாலும் ஒளிக்கு 6 மில்லி நொடிதான். சந்திப்பதற்கு அடையாளமாகச் செயலி ஒன்பது இலக்க எண் ஒன்றைக் கொடுக்கும். மாமா அதைப் படிக்க வேண்டும். பினாங்கில் எண் படிப்பது ஒரு மொழியில் நடக்கும் செயல் அன்று. “நாலு, ஏழு, லாப்பான்… இரு தம்பி, கண்ணாடி எங்க வச்சேன்?”

இங்கே காலக்கணக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாவிட்டால் மனிதருக்கு அது உடனே நடந்ததாகவே தோன்றும் என்பது கணினித் திரை வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. அந்தப் பத்தில் ஒரு பங்குக்காகக் கடலடியில் எத்தனை கோடி செலவழிக்கிறார்கள்! நான் அளந்தது வேறு. மூக்குக்கண்ணாடித் தாமதம் சராசரியாக நான்கு நிமிடம். வாசலில் யாரோ வந்திருக்கும் தாமதம் பத்து நிமிடம். அத்தை தேநீர் கொண்டுவந்தால் ஆறு, அத்தையே வந்து உட்கார்ந்து “மாப்ள எப்படி இருக்கு?” என்று என் மகளின் வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தால் கணக்கு நின்றுவிடும். இந்த நேரத்தில் நான் மோட்டாரில் வெல்ட் கீ போய், பெர்ரி ஏறி, அக்கரையில் இறங்கி, மாமா வீட்டு வாசலில் நிற்கலாம் என்று என் மனைவி ஒரு மறுப்பு எழுப்பினார். மறுப்பு வலுவானது. பதிலளிக்காமல் மேலே செல்கிறேன்.

இனி இவ்வாய்வின் மையப் பகுதி. தொலைமேசையின் இடர்ப்பாடு கம்பியில் இல்லை, இலக்கணத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. சான்றாக ஓர் உரையாடல்:

“தம்பி, இதை அழுத்தவா?”

“எதை மாமா?”

“இதைத்தான்.”

மாமா செய்வது பிழையன்று. திரை அவருக்கு ஒரு முழத்தில் இருக்கிறது; அண்மைச்சுட்டு ‘இ’ சரி. நான் ‘அதை அழுத்துங்க’ என்றால் அவர் சன்னலுக்கு வெளியே பார்க்கிறார்; அவரைப் பொறுத்தவரை அதுவும் சரி. ஆனால் அதே திரை எனக்கும் ஒரு முழத்தில் இருக்கிறது. என் முன்னால் இருப்பதும் ‘இது’தான். ஒரே பொருள் இருவருக்கும் அண்மை. இருவரும் ஒருவருக்கொருவர் சேய்மை. இக்காலத் தமிழ்நாட்டுப் பேச்சில் இதற்குச் சுட்டு கிடையாது. ஆனால் தமிழில் உண்டு. அ, இ, உ என்று மூன்று சுட்டை நம் இலக்கணம் சும்மா வைக்கவில்லை. மூன்றாவதான ‘உ’ யாழ்ப்பாணத்தில் இன்றும் வாய்மொழியில் புழங்குகிறது: உது, உவர், உங்கை. கேட்பவர் பக்கத்தில் இருப்பதை அது காட்டும். ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் குமாஸ்தாக்களாக யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்கு வந்தபோது அந்தச் சுட்டும் கப்பலேறி வந்தது. என் சிறுவயதில் அண்டை வீட்டு யாழ்ப்பாணத்துப் பாட்டி, “உதென்ன கையிலை?” என்பார். என் கையில் இருந்தது அவருடைய மாங்காய்.

பகிர்ந்த திரையில் உள்ளதைச் சுட்ட இதைவிடப் பொருத்தமான சொல் உலகத்தில் இல்லை. கேம்பிரிட்ஜுக்கும் மைக்ரோசாஃப்டுக்கும் கிட்டாத கருவி இது. கணினித் தமிழில் மவுஸுக்குச் சுட்டி என்று பெயர் வைத்தவர்களே இதைக் கவனிக்கத் தவறிவிட்டார்கள். உடனே நடைமுறைப்படுத்தினேன்.

“மாமா, இனிமே ஸ்கிரீன்ல இருக்கறதை ‘உது’ன்னு சொல்லுங்க.”

“எதை?”

“உதை.”

மறுமுனையில் அமைதி. “யாரைத் தம்பி உதைக்கிறது?”

இரண்டாம் வேற்றுமை ஏற்கும்போது இச்சுட்டு வன்முறைப் பொருள் தருகிறது என்பதை ஆய்வின் வரம்புகளில் ஒன்றாகப் பதிவு செய்கிறேன்.

தன்மைப் பன்மைக்கு வருவோம். தமிழில் கேட்பவரைச் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். மலாயிலும் இதே பாகுபாடு: கீத்தா, காமி. ஆக, பினாங்குத் தமிழர் இந்த நுட்பத்தை இரண்டு மொழியில் அறிந்தவர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தொலைமேசையை வடிவமைத்தவர்கள் பொறுப்பைப் பற்றி யோசிக்காமல் போனதற்கு அதுவே காரணமாகலாம். அக வகைத் தொடர்பில் ஓர் அம்பை இரு கை இழுத்து, கோப்பு ஒன்று குப்பைத்தொட்டியில் விழுந்த நாளில் மாமா சொன்னது: “அடடா, நாம அழிச்சிட்டோம் தம்பி.” அதே கோப்பை நான் தனியே அரை மணி நேரம் போராடி மீட்ட நாளில் அத்தையிடம் அவர் சொன்னது தொலைபேசியில் எனக்கே கேட்டது: “நான் சரி பண்ணிட்டேன்.” மறுநாள் திருப்பணிக் குழுவில் கணக்கு பிந்தியது ஏன் என்று கேட்டபோது: “எங்க பக்கம் தப்பில்ல, தம்பிதான் ரிமோட்ல எதையோ பண்ணிட்டான்.” ஒரே நிகழ்வு; உளப்பாட்டுப் பன்மை, ஒருமை, விலக்குப் பன்மை, படர்க்கை. தொல்காப்பியர் கையில் இந்தத் தரவு கிடைத்திருந்தால் சொல்லதிகாரம் இன்னும் நீண்டிருக்கும்.

எழுத்துச் சிக்கலும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். சில தொலைமேசைகளில் இங்கிருந்து எழுத்து போவதில்லை. எந்த விசை அழுந்தியது என்ற செய்திதான் போகும். அது என்ன எழுத்து என்று அந்தப் பக்கத்து விசைப்பலகை அமைப்பு முடிவு செய்யும். நான் பழகியது மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசின் அஞ்சல் முறை. ஒலியைக் கேட்டு ஆங்கில விசையைத் தட்டினால் போதும். மாமாவின் கணினியில் ஒரு குழு உறுப்பினர் பிடிவாதமாகத் தமிழ்99 வைத்துக்கொடுத்திருக்கிறார். 1999-ல் சென்னை மாநாட்டில் தரமானது. நான் ‘க’வுக்காக ‘கே’ விசையைத் தட்ட, பிறையில் ‘ம’ விழுந்தது. ‘காணிக்கை’ என்று எழுதப் போய் வந்ததைப் பார்த்த மாமா, இது சமஸ்கிருதமா என்று மரியாதையோடு கேட்டார்.

இதுவரை கையெடாமையை ஒரு குறையாகவே கருதிவந்தேன். அந்தக் கருத்தை மாற்றிய நிகழ்வைச் சொல்லுமுன் எம்டனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழில் சூழ்ச்சிக்காரனை, எமகாதகனை, ‘சரியான எம்டன்’ என்கிறோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு வீசிய ஜெர்மன் கப்பல் விட்டுப்போன சொல். அக்கப்பல் பின்னர் வங்கக் கடலின் இந்தக் கரைக்கு வந்ததைத் தமிழ்நாட்டார் அவ்வளவாகப் பேசுவதில்லை. அக்டோபர் 28 விடியுமுன் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. அதற்குப் புகைபோக்கி மூன்று. நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றைக் கட்டி நிறுத்தி, பார்ப்பவர் பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பும்படி வந்தது. உள்ளே நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கின் தளபதி அன்றிரவு கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். தம் கப்பல் மூழ்கியதைத் தரையில் நின்று பார்த்தார். வெளியேறும் வழியில் பிரெஞ்சுக் கப்பல் மூஸ்கேயும் மூழ்கடிக்கப்பட்டது. இன்றைய இணைய மோசடியின் மூன்று கூறுகளும் இதில் உள்ளன: பழகிய முகம் போல ஒரு பொய் முகம், எவரும் விசாரிக்காத நுழைவு, கையை எடுத்துவிட்டுப் போன உடைமையாளர். எம்டன் அகப்பட்டதும் இந்தத் துறைக்கே பொருத்தமான முறையில்தான். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவின் கம்பி நிலையத்தை வெட்டப் போனது. நிலையத்துக் குமாஸ்தாக்கள் ஆள் இறங்குமுன்பே அந்நியக் கப்பல் வந்திருப்பதாகத் தந்தி தட்டிவிட்டார்கள். ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது.

நிகழ்வு இது. ஒரு செவ்வாய்க்கிழமை மாமாவுக்கு அழைப்பு வந்தது. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன குரல், உங்கள் கணக்கில் தவறான பரிமாற்றம் நடந்திருக்கிறது, கணினியைத் திறங்கள், உதவுகிறோம் என்றது. நான்காவது புகைபோக்கி சிறப்பாக இருந்திருக்க வேண்டும். மாமா செயலியைத் திறந்தார், கண்ணாடி தேடினார், ஒன்பது இலக்கத்தையும் மும்மொழியில் வாசித்தார். குரல் உள்ளே வந்தது. இங்கே மூலபாடத்துக்கு இதுவரை அறியப்படாத ஒரு மலாய் மொழிபெயர்ப்பு கிடைக்கிறது:

“அங்கிள், தோலோங் லெப்பாஸ் மவுஸ்.”

“சுடா லெப்பாஸ் லா.”

மாமா விடவில்லை. விட முடியாது, அது அவர் இயல்பில் இல்லை. குரல் வங்கிப் பக்கத்தைத் திறக்க அம்பை மேலே இழுத்தது. மாமா, தம் பேத்தியின் படம் எங்கே போயிற்று என்று கீழே இழுத்தார். குரல் கெஞ்சியது. மாமா எடுத்துவிட்டதாக உறுதி கூறினார். நடுவில் அத்தை தேநீர் கொண்டுவந்தார். வாசலில் யாரோ வந்தார்கள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, கடைசியாக அந்தக் குரல் மலாயில் ஏதோ ஒரு சொல் சொல்லிவிட்டுத் தானாகவே இணைப்பைத் துண்டித்தது. அந்தச் சொல்லை மாமா என்னிடம் திருப்பிச் சொல்ல மறுத்துவிட்டார்.

“பாவம், புதுசா வேலைக்குச் சேர்ந்த பையன் போல. ரொம்ப அவசரப்படுறான்” என்றார் அன்றிரவு.

எனக்கு வியர்த்துவிட்டது. வங்கியை அழைத்தோம், தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997-ஐயும் அழைத்தோம். கடவுச்சொல் எல்லாம் மாற்றினோம். பணம் ஒரு சென் கூடப் போகவில்லை. ஜெம்சுக்கின் தளபதி மட்டும் அன்றிரவு மாமாவைப் போல இருக்கையை விட்டு அகலாமல் இருந்திருந்தால் என்று எழுதத் தொடங்கி, ரஷ்யக் கப்பற்படை வரலாற்றை இந்தக் கட்டுரைக்குள் திருத்துவது முறையன்று என்று நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு மாமா ரிமோட்டை நம்பவில்லை. செயலியைக் கணினியிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுக்கவும் நான் ரிமோட்டில் வரக்கூடாது என்றார். நானும் தொலைபேசியிலேயே வழி சொன்னேன். இரண்டு மாலைகள் ஆயின. நன்கொடைப் பட்டியலின் கடைசிப் பத்தி அப்போதும் வெட்டுப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. குழுக்கூட்டம் ஞாயிறு.

சனிக்கிழமை காலை வெல்ட் கீயிலிருந்து தொலைபேசி வந்தது. பெர்ரியில் வந்திருந்தார். பழைய மஞ்சள் பெர்ரி போய் 2023-ல் வந்த புதிய படகு; உள்ளே குளிர்சாதனம். பக்கத்து இருக்கையில் கணினிப் பெட்டியைக் கைலியில் சுற்றி, குழந்தையைப் போல உட்காரவைத்துக் கொண்டுவந்திருந்தார். மோட்டாரின் பின்னால் மாமா, மாமாவின் மடியில் கணினி. பீச் தெரு வழியாக வீடு வந்தோம். என் திரையில் கம்பியைச் செருகி, மின்சாரம் போட்டு, எக்செல் தாளைத் திறந்தேன். அச்சுப் பக்கத்தைப் படுக்கை வாக்கில் திருப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. மாமா நாற்காலியை இழுத்து என் தோளை ஒட்டி உட்கார்ந்தார். அம்பு மெனுவை நெருங்கியது. நெருங்கியதும் இடப்பக்கம் சாய்ந்தது.

குனிந்து பார்த்தேன். மவுஸின் மேல் என் கை. என் கையின் மேல் இன்னொரு கை.

“மாமா, கைய எடுங்க.”

“எடுத்துட்டேன் தம்பி.”